புதுச்சேரியில் படம் விற்க ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: கடலூரில் ஓவியர்கள் ஆறு பேர் சேர்ந்து, புதுச்சேரியில் மூன்று நாள் கண்காட்சி விற்பனை நடத்த இருக்கிறோம். ஒருங்கிணைப்பாளர் ஒருவர், "ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்க முடியாது. என் நிறுவனப் பெயரில் பில் போடலாம், பணம் என் கணக்குக்கு வரட்டும். 30 சதவீத கமிஷனும் 18 சதவீத வரியும் கழித்துத் தருகிறேன்" என்கிறார். ஆளுக்கு 8,000 ரூபாய் முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் காட்டும் பூச்சாண்டியில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

கடலூரிலோ சென்னையிலோ விற்றால் இந்தப் பேச்சே எழாது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரி பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு பிரதேசம். தனக்குக் கடை இல்லாத மாநிலத்துக்கு எப்போதாவது போய் விற்பவர் முன்கூட்டியே பதிவு செய்து, உத்தேச வரியையும் முன்பே கட்ட வேண்டும். பதிவு 90 நாள்தான் செல்லும். உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒப்பிப்பது இதைத்தான்.

இதற்கு ஒரு விலக்கு இருப்பதை அவர் சொல்ல மாட்டார். கைவினைப் பொருள் விற்பவருக்கு, நாடு முழுவதுமான மொத்த விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை இந்தப் பதிவு வேண்டாம். கையால் வரைந்த ஓவியம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஆறு பேர் விற்பனையையும் கூட்ட வேண்டாம், ஆளாளுக்குத் தனி வரம்பு. ஆனால் கையால் என்றால் கையால்தான். கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, மேலே நாலு கோடு இழுத்ததை இதில் நுழைக்காதீர்கள்.

இந்த விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள்: பான் அட்டை, இ-வே பில் (சரக்கை ஏற்றிச் செல்ல அரசின் இணையதளத்தில் எடுக்கும் சீட்டு). மற்ற சரக்குக்குப் பொதுவாக 50,000 ரூபாய் தாண்டினால்தான் இ-வே பில். இந்த விலக்கில் மாநில எல்லை தாண்டும் படத்துக்கோ, விலை 2,000 ரூபாய் ஆனாலும் வேண்டும். சின்ன ஆளுக்குச் சலுகை என்று சொல்லிவிட்டு, பெரிய வியாபாரியிடம் கேட்காத காகிதத்தை அவனிடம் கேட்கிறார்கள். இந்த விதியை எழுதியவர் ஒரு முறையாவது படத்தைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றியிருந்தால் தெரிந்திருக்கும். ஜிஎஸ்டி எண் இல்லாதவரும் இ-வே பில் தளத்தில் அதை எடுக்கலாம். ஆளுக்கு ஒன்றாக, வண்டி கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 18 சதவீதம். ஓவியத்துக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. எந்தக் காலத்திலும் 18 இல்லை. 18 என்பது அவருடைய கமிஷனுக்கான வரி. 10,000 ரூபாய்ப் படத்தில் கமிஷன் 3,000, அதற்கு வரி 540. அவர் பிடிக்கப் பார்ப்பது 1,800. அந்த 540ஐக்கூட, பதிவு எண் போட்ட பில்லை நீட்டினால்தான் கொடுக்க வேண்டும். இப்படி வரி என்று பிடித்ததில் எவ்வளவு அரசுக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

பணம் அவர் கணக்குக்குப் போகவே கூடாது. ஒவ்வொரு படத்தின் விலைச் சீட்டுக்குப் பக்கத்திலும் வரைந்தவருடைய க்யூஆர் கோடை ஒட்டுங்கள். ஒருவரே இரண்டு பேர் படத்தை வாங்கினால் இரண்டு முறை ஸ்கேன் செய்யட்டும், குறைந்துவிட மாட்டார். ரசீதும் அவரவர் பெயரில். அரங்க வாடகையை உங்களில் ஒருவர் நேரில் கட்டி ரசீது வாங்குங்கள். சங்கம் பதிவு செய்யலாம் என்று யாராவது கிளப்புவார்கள். தமிழ்நாட்டில் அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மூன்று நாள் விற்பனைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

"சர்வதேசக் கண்காட்சி", கேடயம், சான்றிதழ் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கேடயம் உங்கள் 8,000 ரூபாயில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

அழைப்பிதழுக்கு என்று படங்களின் பெரிய ஃபைல்களைக் கேட்பார். வாட்ஸ்அப்பில் போகிற அளவு போதும். படத்தை விற்றாலும் அதன் காப்புரிமை உங்களுடையதுதான். நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும். அவர் நீட்டும் ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள்.