30 வருடம் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். உங்களுக்கு 60 வயது, கணவருக்கு 64. மாடியுள்ள சொந்த வீட்டில் 30 வருடமாக இருக்கிறீர்கள். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். இதை விற்றுவிட்டு இரண்டு அறை கொண்ட சின்ன வீட்டுக்குப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள், கணவர் தயங்குகிறார்.

நாங்கள் இதை நான்கு வருடத்துக்கு முன்னால் செய்தோம். அப்போது எனக்கு 67, மனைவிக்கு 63. அந்த வீட்டில் 33 வருடம் இருந்தோம். எங்களில் தயங்கியவன் நான்தான். அதனால் உங்கள் கணவர் பக்கமிருந்தும் கொஞ்சம் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

என் பதில்: போங்கள். கை கால் நன்றாக இருக்கும்போதே, நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்துப் போங்கள்.

எனக்கு இது உறைத்தது ஒரு சுவரைப் பார்த்துத்தான். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மாடிப்படி திரும்பும் இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்குத் திட்டு. ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. யார் கை படுகிறது என்று கவனித்தால், என் மனைவி. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தத் திருப்பத்தில் நின்று, சுவரில் கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்சப் படிகளை ஏறியிருக்கிறாள். படுக்கையறை மேலே, சமையலறை கீழே. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. முழங்கால் வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க வீட்டை நினைச்சு வருத்தப்படுவீங்க" என்றாள். இன்று நினைத்தாலும் அந்தப் பதில் எனக்கு வலிக்கிறது.

உடனே விற்றுவிடவில்லை. முதலில் கட்டிலைக் கீழே இறக்கினோம். நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே மட்டும் வாழ்ந்து பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்பது. எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. இன்னொன்று, பூட்டிய அறைக்கும் பராமரிப்பு வேண்டும் என்பது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்திருந்ததை நாங்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் கவனிக்கவே இல்லை. தண்ணீர் சுவருக்குள் இறங்கி, பிள்ளைகள் படித்த அறையின் அலமாரிக்குப் பின்னால் பூசணம் பூத்துவிட்டது. யாருமே படுக்காத அறைக்காக ஆள் பிடித்து, நின்று வேலை வாங்கி, ஒரு மாதம் அலைந்தேன்.

கீழ்த்தளமே உங்களுக்குப் போதும், குளியலறையும் கீழேயே இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் ஓடிவரும் அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள் என்றால் அங்கேயே இருப்பதும் நல்ல முடிவுதான். எல்லோரும் விற்றாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் "இப்ப என்ன அவசரம், முடியாதபோது பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதைத்தான் நான் பயப்படச் சொல்கிறேன். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறக்குறைய 6,84,000 பேர். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை.

என் அக்கா இப்படித்தான் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து அவரால் மாடி வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. மூன்று வாரத்துக்குள் மகன்கள் வேறு வீடு பார்த்து, பழைய வீட்டைக் காலி செய்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கு எது அம்மாவுக்கு முக்கியம் என்று தெரியவில்லை. அக்கா 40 வருடமாக எழுதி வைத்திருந்த கணக்கு நோட்டுகள் எல்லாம் பழைய காகிதத்தோடு போய்விட்டன. அவற்றின் கடைசிப் பக்கங்களில் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? படுக்கையில் கிடந்தபடி அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" விற்பதற்கு நான் சம்மதித்தது அன்றைக்குத்தான்.

சரி, விற்கும் கதைக்கு வருகிறேன். இதில் நான் செய்த பெரிய தப்பு, விலை. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் க்னெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், வாங்குவதானால் என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். சற்றுமுன் கைக்கு வந்த அந்தக் கோப்பைக்கு, வாங்குபவர்கள் தர நினைத்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள் வைத்திருந்தவர்கள். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால் 33 வருட வீட்டுக்கு? நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஜன்னல் கம்பி, நாங்களே நட்ட மரம், எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு விலை சேர்த்துத்தான் சொன்னேன். வந்தவர்கள் கேட்டது வேறு. வயரிங் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? எத்தனை வண்டி நிறுத்தலாம்? ஒருவர் அந்த மரத்தை வெட்டிவிட்டால் வெளிச்சம் வரும் என்று என் எதிரிலேயே சொன்னார். ஏழு மாதம் வீடு விற்கவில்லை. கடைசியில், தொடர்பில்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தனித்தனியாக வரவழைத்து விலை போடச் சொன்னேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. அந்த விலைக்கு அடுத்த மாதமே ஆள் கிடைத்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பத்திரங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், விற்கப்போவது இரண்டு வருடம் கழித்து என்றாலும். நாங்கள் பின்பக்கம் கூடுதலாகக் கட்டிய ஓர் அறை, அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லை. வாங்குபவருக்குக் கடன் கொடுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சரிசெய்ய நான்கு மாதம் போயிற்று. என் மனைவியின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. அதற்கு ஒரு மாதம். அப்புறம், வரி. விற்றுக் கிடைக்கும் லாபத்துக்குப் பல நாடுகளில் வரி உண்டு. குடியிருந்த வீடு என்றால் சலுகை உண்டா, அதற்கு என்ன கெடு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வீட்டை விரிவாக்கிய செலவுக்கு ரசீது வைத்திருந்தால் பல இடங்களில் அதை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். பழைய பைல்களைத் தூக்கிப் போடும் அவசரத்தில் அவை போய்விடக் கூடாது.

சாமான்கள்தான் உண்மையான வேலை. எங்களுக்கு அதற்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று. நான் முதலில் போட்டோ ஆல்பங்களைக் கையில் எடுத்தேன். ஒரு வாரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு பெட்டிகூட நகரவில்லை. மனைவிதான் வரிசையை மாற்றினாள். முதலில் பரண்; நினைவு எதுவும் ஒட்டாத பொருள்கள், பழைய வயர், காலிப் பெட்டி, உடைந்த நாற்காலி. அப்புறம் பாத்திரங்கள், துணிகள், புத்தகங்கள். கடிதமும் போட்டோவும் கடைசியில். அதற்குள் எதை விடலாம், எதை வைக்கலாம் என்று கை பழகிவிடுகிறது.

இன்னொன்றும் அவள் செய்தாள். புது வீட்டுப் படுக்கையறையை அளந்து வந்து, பழைய வீட்டு ஹால் தரையில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டாள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று குறித்தாள். கோட்டுக்குள் கட்டிலை இழுத்துப் போட்டோம். பெரிய மர பீரோவை வைத்தால் கதவு திறக்காது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த பீரோவைப் பற்றி இரண்டு மாதமாக நாங்கள் போட்ட சண்டை அன்று பத்து நிமிடத்தில் முடிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்தடி விட்டத்துக்கு ஒரு வட்டமும் போட்டுப் பார்த்தோம். சக்கர நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற அவ்வளவு இடம் வேண்டும். இப்போது தேவையில்லைதான். ஆனால் மறுபடியும் வீடு மாற எங்களுக்குத் தெம்பு இருக்காது.

புது வீடு பார்க்கும்போது அறை எத்தனை என்பதைவிடக் குளியலறையைப் பாருங்கள். தரை வழுக்குகிறதா, வாசலில் நிலைப்படி தடுக்குகிறதா, கைப்பிடி பொருத்துவதற்குச் சுவர் தாங்குமா? கதவு திறந்தால் 80 சென்டிமீட்டராவது வழி இருக்க வேண்டும். லிப்ட் இருந்தால், மின்சாரம் போனாலும் அது ஓடுமா என்று கேளுங்கள். சின்ன வீடு என்றால் செலவும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குமாடியில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அது ஏறிக்கொண்டேதான் போகும். முடிந்தால் அந்தப் பகுதியில் சில மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நாங்கள் ஆறு மாதம் இருந்தோம். இரண்டு முறை சாமான் ஏற்ற வேண்டியிருந்தாலும் அது வீண்போகவில்லை. முதலில் பிடித்திருந்த வீட்டை அந்த அனுபவத்தால்தான் வேண்டாம் என்றோம். மிச்சப் பணத்தை உடனே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் மருத்துவச் செலவு எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளைப் பற்றி. என் மகள் போனில் அழுதாள். "அப்பா, நாங்க வந்தா எங்கே தங்குறது?" என்றாள். எனக்கும் பதில் இல்லை. அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். கடந்த மூன்று வருடத்தில் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டில் தங்கியது 19 இரவு. அதை அவளிடம் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை வருகிறேன் என்றாள். வந்தபோது, அவளுக்காக நாங்கள் பத்திரப்படுத்தியிருந்த பள்ளிப் பரிசுகளைத் தொடக்கூட இல்லை. சமையலறை முக்காலியைக் கேட்டாள். சின்ன வயதில் அதில் ஏறி நின்றுதான் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாளாம். இப்போது அது அவள் வீட்டில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடமும் எது வேண்டும் என்று கேளுங்கள், ஒரு தேதியும் சொல்லிவிடுங்கள். தேதி இல்லாவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் ராத்திரி எழுந்தால் நான் பழைய வீட்டுக் குளியலறை இருந்த பக்கமே திரும்பினேன். சுவிட்ச் இல்லாத சுவரை இருட்டில் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தத் தெரு வழியாகப் போக ஒரு வருடம் ஆயிற்று. மரம் இப்போது இல்லை. என் மனைவிக்கு இந்தச் சங்கடம் எதுவும் வரவில்லை. புது வீட்டில் முதல் ராத்திரியே நன்றாகத் தூங்கினாள். ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள்தான், ஆனால் அதைச் சுமந்தது அவள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உங்கள் கணவரிடம் "வித்துடலாமா?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டாம். எத்தனை முறை கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலியாக இருக்கும் ஒரு சின்ன வீட்டைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிடுங்கள். மதிய வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்து, இரண்டு மடக்கு நாற்காலியும் கொண்டுபோய், ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். என் மனைவி என்னை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனாள்.