போன் கமராவில ஈரம் தெரியாது டீச்சர்!

கிளிநொச்சியில இருந்து ஒரு சித்திர டீச்சர் கேட்டிருக்கிறா: "புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, மாங்குளம் எண்டு பன்னிரண்டு பிள்ளையளுக்கு சூமில வட்டர்கலர் லாண்ட்ஸ்கேப் படிப்பிக்கிறன். நான் கீறக்கீற அவையளும் கூடவே செய்யினம். ஆனா என்ர வானம் வடிவா வருது, அவையின்ர வானம் திட்டுத்திட்டா வருது. நிறமும் போனில வேற மாதிரித் தெரியுதாம். என்ன செய்யலாம்?"

டீச்சர், முதல்ல அந்த "கூடவே செய்யிறது" எண்டதை நிப்பாட்டுங்கோ. பாதிப் பிரச்சினை அதிலதான் கிடக்கு. பென்சிலுக்கும் பாஸ்டலுக்கும் அது சரிவரும், வட்டர்கலருக்கு ஏலாது, ஏனெண்டா ஈரம் உங்கட கிளாசுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது. ஒரு பிள்ளை தகரக் கூரைக்குக் கீழ இருக்கும், இன்னொண்டு ஃபானுக்குக் கீழ இருக்கும், சோளகக் காத்து அடிக்கிற நாளெண்டா சொல்லவே வேண்டாம், உங்கட பேப்பர் இன்னும் பளபளத்துக்கொண்டு இருக்கேக்க அவையின்ர அரைவாசி காஞ்சிட்டுது, அந்த நேரம் தண்ணி கூடின பிரஷ்ஷைக் கொண்டுபோய் வைச்சால் பூக்கோவா மாதிரி ஓரம் கட்டின திட்டு வராமல் வேற என்ன வரும்? மாரி காலத்தில நேரெதிர், காயவே காயாது, மேல வைக்கிற மரமெல்லாம் வானத்துக்குள்ள ஓடிப்போகும்.

நீங்கள் படிப்பிக்க வேண்டியது ஈரத்தின்ர நிலைகளைத்தான், படம் பிறகு தானா வரும். தண்ணி பளபளக்கேக்க நிறம் நல்லா ஓடும், அது வானத்துக்கு. பளபளப்பு மங்கத் தொடங்கேக்க, பிரஷ்ஷில தண்ணியைக் குறைச்சு நிறத்தைக் கூட்டி வைச்சால் ஓரம் மெத்தெண்டு நிக்கும், தூரத்துக் காட்டுக் கரை அப்பத்தான் போடவேணும். மினுக்கம் போயிட்டுது ஆனா புறங்கையால தொட்டால் குளிருது எண்டால் கையே வைக்கக்கூடாது. குளிர் போனாப் பிறகு பனை, வேலி எல்லாம் கூரா வரும். இதை ஒரு முழுக் கிளாஸா எடுங்கோ, படம் ஒண்டும் கீறாமல், வெறும் நீலக் கோடு மட்டும். பிள்ளையள் கொஞ்சம் சலிக்குங்கள்தான், பரவாயில்லை.

இதில கமராவை எங்க வைக்கிறது எண்டது முக்கியம். எல்லாரும் போனை நேர் மேல கட்டிப்போட்டுக் காட்டுறவை. மேல இருந்து பாத்தால் ஈரப் பேப்பரும் காஞ்ச பேப்பரும் அநேகமா ஒரே மாதிரித்தான் தெரியும். யன்னல் உங்களுக்கு முன்னால இருக்கட்டும், போனை உங்கட தோள் பக்கத்தில சரிச்சு வையுங்கோ, அப்ப யன்னல் வெளிச்சம் தண்ணியில பட்டுத் தெறிக்கிறது பிள்ளையளுக்கும் தெரியும். பின் கமராவைப் பாவியுங்கோ. பிள்ளையளின்ர கமராவும் முகத்தைப் பாக்கத் தேவையில்லை, பேப்பரைப் பாக்கட்டும்.

நிறத்துக்கு வருவம். வெள்ளைப் பேப்பரைக் கண்டால் போன் கமரா தானா வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தையும் மாத்தும். அதால "இந்த நிறம் வரவேணும்" எண்டு ஸ்கிரீனைக் காட்டாதேங்கோ, சமையல் குறிப்புச் சொல்லுற மாதிரி எதில எவ்வளவு எண்டு சொல்லுங்கோ. அல்ட்ராமரைன் நீலம், பேர்ண்ட் சியன்னா (செம்மண் நிறம்), யெலோ ஓக்கர் (மண் மஞ்சள்), இந்த மூண்டே தொடக்கத்துக்குக் காணும். முதல் ரெண்டும் சேர்ந்தால் மழைமுகில் சாம்பல். நீலமும் ஓக்கரும் எங்கட கோடைப் பத்தையின்ர மங்கின பச்சை. ரியூப்பில வாற பச்சையை ஒளிச்சு வைக்கச் சொல்லுங்கோ, அது வன்னியில ஒரு மரத்திலையும் இல்லை! காய்ஞ்சால் நிறம் வெளிறும் எண்டதையும் சொல்லிவையுங்கோ, கொஞ்சம் கடுமையாக் கலந்தால்தான் கணக்கு.

பேப்பர் எல்லாருக்கும் ஒரே பேப்பரா இருக்கவேணும், இல்லாட்டி காயிற நேரம் ஒருநாளும் ஒத்துவராது. 300 ஜிஎஸ்எம் தடிப்பு வட்டர்கலர் பேப்பர் ஒரு கட்டு சேர்ந்து வாங்கி A4-ஐ நாலா வெட்டிப் பிரிச்சுக் குடுங்கோ. ட்ரோயிங் கொப்பித் தாள் ஊறிச் சுருண்டு பொருமும், அதில பழகிற பிள்ளைக்கு வட்டர்கலரே வெறுத்துப்போகும். வெக்கை நாளில பேப்பரின்ர ரெண்டு பக்கத்தையும் நனைச்சு ஒரு டைல்ஸ் துண்டில ஒட்டிவிட்டால் ஈரம் கனநேரம் நிக்கும். ஃபானை நிப்பாட்டத்தான் வேணும், வேர்த்தால் வேர்க்கட்டும்.

முதல் படத்துக்கு இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பாக்கிற மாதிரி ஒரு காட்சியை எடுங்கோ. வானமும் குளத்துத் தண்ணியும் ஒரே பூச்சில முடிஞ்சிடும், நடுவில காட்டுக் கரை ஒரு கோடு, முன்னுக்குக் கட்டுப் புல்லு, அவ்வளவுதான். தூரத்துக் காடு நீலம் கூடி வெளிறித் தெரியவேணும், கிட்ட வர வர கடுமையும் மண்ணிறமும் கூடும். கொக்குக்கு வெள்ளைப் பெயின்ற் தேடாமல் பேப்பரை விட்டிடச் சொல்லுங்கோ, சின்னப் பிள்ளையளெண்டா முதலே மெழுகுதிரியால கொக்கைக் கீறிவிட்டால் நிறம் அதில ஒட்டாது.

சூமில காசு கட்டாமல் நாப்பது நிமிசம்தானே, அதுவே காணும். முதல் கால் மணித்தியாலம் நீங்கள் செய்யுங்கோ, பிள்ளையள் பிரஷ்ஷைக் கையில எடுக்காமல் பாக்கட்டும். மிச்ச நேரம் அவையள் செய்ய, நீங்கள் ஒவ்வொருத்தற்ற பேப்பரையும் பாத்து "பொறு", "இப்ப வை" எண்டு மட்டும் சொல்லுங்கோ. இதுக்குப் பன்னிரண்டு பேர் கூட, ஆறு ஆறாப் பிரியுங்கோ. சிக்னல் இழுபடுற பக்கத்துப் பிள்ளையளுக்கு முதல் நாள் இரவே அந்தச் செய்முறையைச் சின்ன வீடியோவா எடுத்து வட்ஸ்அப்பில போட்டுவிட்டால், கிளாஸில படம் நிண்டுபோனாலும் உங்கட குரல் கேட்டாலே சமாளிப்பினம்.

வீட்டுவேலைக்கு ரெண்டு போட்டோ கேளுங்கோ, ஈரமா இருக்கேக்க சரிச்சு எடுத்தது ஒண்டு, காஞ்சாப் பிறகு பகல் வெளிச்சத்தில எடுத்தது ஒண்டு. எந்த இடத்தில அவசரப்பட்டது எண்டு அந்த முதல் போட்டோவிலதான் நீங்கள் பிடிக்கலாம்.