‘கவ்டவ்’ (kowtow) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரியாதையாக வணங்குவது என்றுதான் பொருளா? அது எங்கிருந்து வந்தது?

பிறந்த இடத்தில் மரியாதைச் சொல்தான். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் ‘கவ்டவ்’ செய்கிறார் என்றால், கூழைக்கும்பிடு போடுகிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சொல் சீன மொழியுடையது. மாண்டரினில் ‘கோதோ’, காண்டனீசில் ‘கவ்தவ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். முதல் பாதிக்கு முட்டுதல், அடுத்ததற்குத் தலை என்று பொருள். மண்டியிட்டு, இரு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிய வேண்டும். நம் சாஷ்டாங்கம் போல உடம்பு முழுவதும் தரையில் படாது. பேரரசர் முன்னால் என்றால் மூன்று முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியால் தரையைத் தொட வேண்டும். மொத்தம் ஒன்பது.

இந்த ஒன்பதில்தான் சிக்கல் வந்தது. 1793இல் கூடுதல் துறைமுகங்களில் வணிகம் கேட்டு பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, சியான்லுங் பேரரசரைப் பார்க்கப் போனார். தன் தகுதிக்கு இணையான சீன அதிகாரி ஒருவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்கு முன் இதே வணக்கத்தைச் செய்தால் தானும் செய்வதாகச் சொன்னார். சீனத் தரப்பு ஒப்பவில்லை. கடைசியில், தன் மன்னர் முன் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மண்டியிட்டார். அந்த இங்கிலாந்து வழக்கத்தில் கையை முத்தமிடுவதும் உண்டு. அதை வேண்டாம் என்று சீனர்களே விலக்கிவிட்டார்கள்! கேட்ட வணிகச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. 1816இல் வந்த பிரிட்டிஷ் தூதர் ஆம்ஹர்ஸ்ட்டும் மறுத்தார். பேரரசரைப் பார்க்காமலேயே திருப்பி அனுப்பப்பட்டார்.

அப்படியானால் வணங்காததுதான் காரியத்தைக் கெடுத்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. 1795இல் பீஜிங் போன டச்சுத் தூதர் டிட்சிங் முறைப்படி வணங்கினார். அவரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

இந்தச் சச்சரவுகளின் காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சொல் ஆங்கிலத்தில் அச்சேறியது. அந்தக் கசப்பு அதிலேயே ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. சீனாவில் மூதாதையருக்கும் பெற்றோருக்கும் குருவுக்கும் செய்யும் வணக்கமும் இதுவே. அங்கே அதில் இழிவு எதுவும் இல்லை. இன்றும் சில குடும்பங்களில் புத்தாண்டன்று பெரியவர்களை இப்படி வணங்குகிறார்கள்.

சரி, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது மரியாதையான வணக்கத்துக்கு ‘பவ்’ (bow) போதும். சீன வழக்கத்தைப் பற்றி எழுதினால் மட்டும் ‘கவ்டவ்’ போடுங்கள்.