கடலூரில் வீட்டுத் தோட்டத்தில் பேரிக்காய் மரம் வைத்தால் காய்க்குமா? எந்த ரகம் நல்லது? மாமனாருக்குக் கோத்தகிரியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அங்கே வைக்கலாமா?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பேரி மரம் ஆறு வருஷம் நின்றது. அந்த உரிமையில் சொல்கிறேன்: வளரும், காய்க்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் சப்போட்டா சாய்ந்துவிட்டது. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது சாலையோர நர்சரி ஒன்றில் ஒட்டுச் செடி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கீழ்நாட்டில் காய்க்குமா என்று கேட்டதற்கு, "தண்ணி மட்டும் நல்லா ஊத்துங்க சார்" என்றார் விற்றவர். ஊற்றினேன். மூன்றாம் வருஷம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இலை பளபளவென்று, நுனி கூராக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள அரசங்கன்னு வெச்சிருக்கே? ஆகாதுப்பா, பிடுங்கிடு" என்றார்.

பூ மட்டும் வரவே இல்லை. மாட்டெரு, வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். குறை மண்ணில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பேரி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும் மரம். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று குளிர் சேர்ந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். குறைந்த குளிர் போதும் என்கிற கீஃபர் ரகத்துக்கே 300, 350 மணி நேரம் ஆகும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கணக்கு பூஜ்யம்.

வேரில் ஐஸ் கட்டி கொட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். குளிர் வேண்டியது கிளையில் இருக்கும் மொட்டுக்கு. கிழக்கு ஜாவா மலைப்பக்கம் ஆப்பிள் மரத்தில் இலைகளைக் கையால் உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள் என்று படித்து, ஒரு தை மாதம் நானும் உருவினேன். பதினைந்து நாளில் புது இலை வந்தது, அவ்வளவுதான். 2018இல் வெட்டிவிட்டேன்.

ஆனால் மாமனாருக்குக் கோத்தகிரியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். கீஃபர் அங்கே நம்பி வைக்கலாம். ஆசிய மணல் பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்து பிறந்த ரகம் அது. அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. தனியாக நின்றாலும் ஓரளவு காய்க்கும். ஆனாலும் அதே சமயத்தில் பூக்கும் வேறொரு பேரி பக்கத்தில் இருந்தால் காய்ப்பு கூடும். பேரிப்பூவின் தேனில் இனிப்பு குறைவு, தேனீ அவ்வளவாக விரும்பி வராது, அதனால் மரங்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டாம். விதைக்கன்று வாங்காதீர்கள், காய்க்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, அதற்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடச் சொல்லுங்கள். முக்கியமாக, மாமனார் கத்தியோடு உற்சாகமாகக் கிளம்பிவிடக் கூடாது. பேரி காய்ப்பது பழைய கிளைகளில் உள்ள குட்டையான முண்டுகளில். அவற்றை வெட்டினால் காய் போச்சு. கீஃபர் காயைக் கெட்டியாக இருக்கும்போதே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். மரத்திலேயே விட்டால் உள்ளிருந்து குழையும்.

சரி, கடலூர்க் கொல்லைக்கு என்ன? என் பேரி நின்ற குழியில் இப்போது லக்னோ 49 கொய்யா நிற்கிறது. பேரிக்காயைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று மணல் மாதிரி தட்டுகிறதல்லவா, அது கல் செல்கள். கொய்யாச் சதையிலும் அதே சங்கதி உண்டு. லேசாகப் பழுத்த கொய்யாவைத் தோலோடு கடித்துப் பாருங்கள், பாதி பேரி ஆசை அடங்கிவிடும்.

ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். குழியில் தண்ணீர் தேங்காமல் மண்ணைச் சற்று மேடாக்கிவிடுங்கள், குச்சி ஊன்றிக் கட்டுங்கள். கொய்யா புதுத் துளிரில் பூக்கும், அதனால் இங்கே கத்திக்கு வேலை உண்டு. வருஷா வருஷம் கவாத்து செய்து ஆள் உயரத்திலேயே வைத்திருக்கிறேன், அடுத்த புயலுக்குச் சப்போட்டா மாதிரி இதுவும் போய்விடக் கூடாதே. காய் எலுமிச்சை அளவு வந்ததும் உறை மாட்டிவிட்டால் பழ ஈ அண்டாது. அணிலுக்கு உறையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அதன் பங்கை அது எடுத்துக்கொள்கிறது.