சோம்பேறிக் குழந்தைகள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இலவசப் பால் கொடுத்தார்களாமே? இப்படி இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

பதில்: நியாயமான கவலை. கைக்குழந்தையைப் போல ஒரு சோம்பேறியை நானும் பார்த்ததில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி ரகளை, கால் காசு சம்பாத்தியம் கிடையாது. அன்றைய இங்கிலாந்தில் நிலைமை இன்னும் மோசம். விஷவாயுக் குண்டுக்குப் பயந்து கைக்குழந்தைகளுக்கென்று அரசே ஒரு கவசம் கொடுத்தது. குழந்தையை அதற்குள் வைத்துக் கட்டிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையால் துருத்தியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சுக்காற்றில்கூடச் சொந்த உழைப்பு இல்லை! நல்லவேளை, விஷவாயு வரவில்லை.

பால் எல்லோருக்கும் இலவசமில்லை. 1940 ஜூலையில் வந்த திட்டப்படி கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பால், விலை இரண்டு பென்னி. ஏழை வீடுகளுக்குத்தான் சும்மா. அடுத்த வருடக் கடைசியில் காட் மீன் எண்ணெய் வந்தது, அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஆரஞ்சுச் சாறு. சாற்றுக்குக் கிடைத்த வரவேற்பு எண்ணெய்க்குக் கிடைக்கவில்லை. சும்மா கிடைத்தால் ஜனங்கள் எதையும் குடிப்பார்கள் என்று என்னோடு மல்லுக்கட்டும் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் அதில் ஒரு கரண்டி குடித்துவிட்டு வரட்டும், பேசலாம். கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தியவர், இப்போது இந்தப் பக்கத்தை நூலகத்தில் இலவசமாகப் படிக்கிறார்.

சோம்பேறிக்குச் சம்பளமே அறிவித்த ஊரும் உண்டு: வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட். 1904இல் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், தன் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் முதல் பிறந்தநாளைத் தொட்டால் ஒரு பவுண்டு என்று எழுதியே கொடுத்தார். சாகாமல் இருப்பதுதான் வேலை. அப்போது அது லேசான வேலையில்லை. 1915இல் மணிக்கு 9 சிப்பாய்கள் இறந்தார்கள், அதே ஒரு மணியில் நாட்டில் 12 குழந்தைகள் இறந்தன என்று முதல் உலகப்போரின்போது கணக்குச் சொன்னார்கள். போர்முனைக்கு ஆள் வேண்டுமே என்ற பயத்தில்தான் அரசாங்கத்துக்குத் தொட்டில் கண்ணில் பட்டது. 1918இல் தாய்-சேய் நலச் சட்டம் வந்தது. நகரசபைகள் இதற்கென்று குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 2 பெண்களாவது இருக்க வேண்டும். (ஆண்கள் மட்டும் கூடிப் பிரசவத்தைப் பற்றித் தீர்மானம் போடும் கூட்டங்களைப் பார்த்தவன் என்பதால் இந்த இரண்டாவது நிபந்தனையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.) எண்ணெயும் சாறும் கொடுக்க 1941இல் அவசர அவசரமாக இடம் தேட வேண்டியிருக்கவில்லை. நகரசபைகளின் குழந்தை நல நிலையங்கள் ஏற்கெனவே இருந்தன, வீடு வீடாகப் போகும் நர்ஸுகளும் இருந்தார்கள்.

பலன்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் பிறப்புக்கு 1941இல் சுமார் 60 ஆக இருந்த குழந்தை இறப்பு, 1945இல் சுமார் 46 ஆனது. பால் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் 'சோம்பேறி'த் தாய்மார்களில் பலர் பிள்ளையைப் போர்க்காலக் காப்பகத்தில், நாளுக்கு ஒரு ஷில்லிங் (பன்னிரண்டு பென்னி) கட்டி விட்டுவிட்டு, ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனவர்கள். போர் முடிந்ததும் மானியத்தைக் குறைத்து, காப்பகங்கள் பலவற்றை மூடிவிட்டார்கள்.

குழந்தைகளுக்குப் பால் ஊட்டுவதைவிடச் சிறந்த முதலீடு எந்தச் சமூகத்துக்கும் இல்லை என்று சர்ச்சில் வானொலியில் பேசியது 1943 மார்ச்சில். வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கணக்கைத் திறந்தால் எனக்கு இன்னும் நான்கு பக்கம் வேண்டும், விளம்பரப் பிரிவு தராது.