வேல்ஸின் பழைய கல் பண்ணை வீடுகளை எப்படிக் கட்டினார்கள்? அவற்றின் வரலாறு என்ன?

ஒரே ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். அதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டின் பெயர் கிலெவென்ட். மத்திய வேல்ஸில் ரயாடர் ஊருக்கு அருகே, கிளேர்வென் பள்ளத்தாக்கில் இருந்தது. 1955-இல் அதைப் பிரித்தெடுத்து, கார்டிஃப் பக்கத்தில் உள்ள செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டினார்கள். 1959 முதல் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்தான் காசு.

முதல் முறை போனபோது நல்ல மழை. நீளமான கல்வீடு, கனத்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல். இரண்டு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த முறை அங்கே பணியில் இருந்த பெரியவர், "சுவரை விடுங்கள், மேலே பாருங்கள்" என்றார். பார்த்தால், இரண்டு வளைந்த மரங்கள் உச்சியில் ஒன்றோடொன்று சாய்ந்து கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன. சுவருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். 1470 வாக்கில் இந்த வீட்டை முதலில் கட்டியபோது அது மரவீடு. வளைந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்தால் ஒரே வளைவுள்ள இரண்டு பாதிகள் கிடைக்கும். எதிரெதிரே நிறுத்தி முகட்டில் இணைத்தால் கூரையின் பாரம் முழுவதையும் அந்த ஜோடி வாங்கிக்கொள்ளும். இதற்கு க்ரக் என்று பெயர். சுவர் வெறும் மறைப்புதான், அதனால் கூரையைக் கலைக்காமலே அதை மாற்றிவிடலாம். 1734-இல் கல்லால் மாற்றிக் கட்டினார்கள். பழைய ஜோடிகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆக, கல்வீடு என்று நாம் சொல்லும் வீட்டில் கல்லுக்கு வீட்டைவிட 260 வயது குறைவு!

எல்லா வீடுகளும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வடமேற்கில் ஸ்னோடோனியா மலைப்பக்கம் 16-ஆம் நூற்றாண்டிலேயே கல்லால் வீடு கட்டினார்கள். 1544-ஐச் சேர்ந்த காரெக் வாவர் என்ற வீடும் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு கிலெவென்டில் ரொம்பப் பிடித்தது மாடுகள் இருந்த பகுதி. ஆளுக்கும் மாட்டுக்கும் ஒரே கூரை, ஒரே வாசல். ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் தொழுவம். இந்த மாதிரி வீட்டை 'நீள வீடு' என்பார்கள். பொதுவாக இவற்றை மலைச்சரிவில் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் இருக்கும்படி அமைப்பார்கள். மாடுகள் கீழ்ப்பக்கம். மூத்திரமும் சாணமும் கழுவிய தண்ணீரும் தானாகவே வெளியே ஓடிவிடும், அடுப்பு இருக்கும் பக்கம் வராது. பனி கொட்டும் ராத்திரியில் கன்று ஈனும் பசுவைப் பார்க்க வெளியே இறங்க வேண்டியதில்லை. அடுப்பு நெருப்பு கண்ணில் பட்டால் பசு கூடுதலாகப் பால் கறக்கும் என்றுகூட ஒரு நம்பிக்கை இருந்ததாம். நாற்றம் அடித்திருக்காதா என்று கேட்காதீர்கள், அடித்துத்தான் இருக்கும்.

ஜன்னல் சின்னதாக இருப்பதற்கு 1696-இல் வந்த ஜன்னல் வரிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆரம்பத்தில் பத்து ஜன்னலுக்கு மேல் போனால்தான் கூடுதல் வரி; இந்த வீட்டுக்காரர்களுக்கு ஏது பத்து ஜன்னல்? கண்ணாடி விலையும் மலைக்காற்றும் போதுமான காரணங்கள்.

அப்புறம் சுவர். பெரும்பாலும் உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை கல் அடுக்கி, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் நிரப்புவார்கள். இடுக்குகளில் மண் அல்லது சுண்ணாம்புச் சாந்து. மழையில் சுவர் நனையும். நனைந்தது சாந்து வழியாகவே மெதுவாகக் காய்ந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நவம்பரில் மலைப்பக்கம் பழைய பண்ணை வீடு ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். முழங்கை நீளத்துக்கும் மேலான கனத்தில் அழகான சுவர், வெளியே புத்தம்புது சிமெண்ட் பூச்சு. உள்ளே படுக்கைப் பக்கம் பூஞ்சை. மூன்று நாளும் துணி காயவில்லை, மகனுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். ஒன்றரை வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது இரண்டு பேர் சாரம் கட்டி, அந்த சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சுவர்தான் முடிந்திருந்தது.