பதில் வராத கேள்விக்கு ஓர் உறை

கேள்வி: அக்கா, 12 வருடத் தோழி ஒரு காரணமும் சொல்லாமல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரியானால் அவள் எண்ணுக்கு, 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்துவிடுகிறேன். அவளை மறக்க என்ன வழி? (பெயர் வேண்டாம்)

பதில்: மறக்க வேண்டாம் சகோதரி. தினமும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினால் போதும்.

சாவு என்றால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். இப்படிப் போன நட்புக்கு யார் வருகிறார்கள்? ஆள் எங்கோ இருக்கிறார், நமக்கு இல்லை. உளவியலாளர் பாலின் பாஸ் இந்த மாதிரித் துயரத்துக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று 1970களிலேயே பெயர் வைத்தார். முடிவு தெரியாததால்தான் அது ஆறாமல் கிடக்கிறது.

என் அண்ணன் பேச்சை நிறுத்தியபோது அவர் வீட்டுச் சாவி என்னிடமே தங்கிவிட்டது. மூன்று வருடம் கைப்பையில் சுமந்தேன். சில்லறை தேடும்போதெல்லாம் விரலில் படும், அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, கேட்க நினைத்ததையெல்லாம் எழுதினேன். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் கேள்வியே இல்லை, அவர் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது மட்டும்தான் இருந்தது. சாவியையும் சேர்த்து உறையில் போட்டு ஒட்டினேன். சாவி இருந்த இடம் மேடாகத் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவி, "அண்ணா, இதை இங்கே வைத்துவிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

எழுதியதை உறையில் போட்டு ஒட்டியவர்களுக்கு மனபாரம் கூடுதலாகக் குறைந்தது என்று லி, வெய், சோமன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இப்படி ஏதாவது செய்தால் துக்கம் தணிகிறது என்று நார்ட்டன், ஜீனோ என்ற ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். கைமீறிப் போனதில் ஏதோ ஒன்றாவது நம் கைக்குள் வருகிறது, அதுதான் காரணமாம்.

நீங்களும் காகிதத்தில் எழுதுங்கள். போனில் வேண்டாம், அதில் எழுதினால் பதிலுக்குக் காத்திருப்போம். எரிக்கவும் வேண்டாம், கோபத்தில் எரித்ததைப் பிறகு தேடுவோம். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் மனநல ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.

என் உறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இதுவரை பிரிக்கவில்லை. சில்லறை தேடும்போது விரல் அந்தச் சாவியை இன்னும் தேடத்தான் செய்கிறது.